மாசியில் ஓடிய தேர்

எங்க ஊர்த் தேரு ஆனி மாசம்தான் ஓடும். தார் இளகிச் செருப்பு ஒட்டுற அந்த வெயில்ல, ஊரே திரண்டு வடம் பிடிச்சு, நாதஸ்வரம் முன்னால போக, வேட்டுச் சத்தம் பின்னால வர, நாலு ரத வீதியும் சுத்தி வந்து நிலையில நிக்கும். ஆனா அந்த ஒரு வருசம் மட்டும் மாசியில ஓடிச்சு கேட்டியளா, வடம் இல்லாம, சாமி இல்லாம, ஈரக் கல்லுல சோப்புக்கட்டி வழுக்குற மாதிரி ஒரு சத்தமும் இல்லாம ஓடிச்சு. அதுக்குக் காரணம் எங்க வீட்டுப் பிள்ளை முப்பிடாதி. அவ அப்பம் கடல் தாண்டி, மலை தாண்டி, ஏதோ ஒரு பனி நாட்டுல, குளிர்கால விளையாட்டுல, நம்ம நாட்டு அணிக்காக ஒரு சறுக்கு வண்டியில உக்காந்திருந்தா.

நான் பேராச்சி. வடக்கு ரத வீதி வந்து கிழக்க முட்டுற முக்குல சோடாக் கடை வச்சிருக்கேன். நன்னாரி சர்பத்துக்கு என் கடைய விட்டா இந்த ஊர்ல நாதி கிடையாது, இத நான் சொல்லல, வெயில் சொல்லும். என் கடைக்குப் பின்னால என் கொழுந்தன் உச்சிமாகாளி வீடு. முப்பிடாதிக்கு அவருதான் அப்பா.

தேருக்கு வடம் பிடிக்க ஆயிரம் பேரு வருவாவ. நிப்பாட்டுறதுக்கு ஒருத்தருதான். அது எங்க கொழுந்தன் குடும்பம். புளியமரத்துல ஆப்பு மாதிரி செதுக்கின முட்டுக்கட்டைய ரெண்டு கையிலயும் தூக்கிக்கிட்டு, வீடு உயரத் தேரு முக்குக்கு வரும்போது, ஓடுற சக்கரத்துக்கு அடியில குனிஞ்சு சொருகணும். அந்தப் பக்கச் சக்கரம் மட்டும் முனகிக்கிட்டு நிக்கும், தேரு ஒடம்பக் குலுக்கித் திரும்பும். ஒரு மூச்சு பிந்தினா தேரு நேரா வீட்டுக்குள்ள போயிரும். வேற யாரும் முட்டுக்கட்டை போட்டா நமக்குக் கோவம் வரும், இவரு போட்டா கையெடுத்துக் கும்பிடுவோம். கடைசியில தேரு நிலைக்கு வந்து நின்னதும் மேல இருந்து பட்டர் சத்தமாக் கேப்பாரு, "கட்டை யாரு?" கீழ இருந்து "உச்சிமாகாளி"ன்னு பதில் வரும். சாமிக்குச் சாத்தின பட்ட எடுத்து அவரு தலையில பரிவட்டமாக் கட்டுவாவ. அதுக்கு முன்னால அவரு அப்பா பேரு, அதுக்கு முன்னால தாத்தா பேரு. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் அந்த வீட்டு ஆம்பளைங்க பொறக்கிறாவன்னு நினைச்சுக்கிடுங்க.

ஆம்பளைங்கன்னு சொன்னேன்லா, அங்கதான் வினை. முப்பிடாதி ஒரே பிள்ளை, அம்மை இல்லாத பிள்ளை, பாதி நாள் என் கடை சோடாப் பெட்டிக்கு நடுவுலதான் வளந்தா. நிறைஞ்ச பெட்டிய ஒத்தக் கையில தூக்கி மேல வைப்பா. ஒரு ஆனித் தேருக்கு, பாவாடையத் தூக்கிச் சொருகிக்கிட்டு, கட்டையத் தோள்ல வச்சுக்கிட்டு முக்குல போயி நின்னுட்டா. எங்க கொழுந்தன் ஊரு பாக்க அதப் பிடுங்கினாரு. "பொம்பளப் பிள்ளை தொடுற சாமான் இல்லட்டீ, அங்கிட்டுப் போ"ன்னாரு. அவ அழல. சக்கரத்தையே பாத்துக்கிட்டு நின்னா.

பொறவு போலீஸ் படையில சேந்து வடக்க போனா. அங்கன சேத்துல புதைஞ்ச ஜீப்ப இவ தனியாத் தள்ளினத ஒரு ஆபீசர் பாத்துட்டு, கொண்டுபோய்ச் சறுக்கு வண்டியில சேத்துட்டாரு. ஒரு நாள் எனக்குப் போன் போட்டுச் சொன்னா, "பெரியம்மை, பாப்ஸ்லெட்டுன்னு பேரு. பனிக்கட்டியில வாய்க்கால் வெட்டி விட்டிருப்பாவ, அதுல போற வண்டி. முன்னால டோல்மான்னு ஒரு பிள்ளை, இமயமலைக்காரி, அவ திருப்புவா. நான் பின்னால நின்னு தள்ளி, கூடவே ஓடி, ஏறி உக்காரணும். கோட்டத் தாண்டினதும் நிப்பாட்டணும். நிப்பாட்டுறதுதான் என் வேலை, பெரியம்மை." அந்தக் கடைசி வார்த்தைய அவ அழுத்திச் சொன்னா. எங்க கொழுந்தன் பக்கத்துலதான் நின்னாரு, எல்லாம் காதுல விழுந்துச்சு. "ஐஸ்ல என்ன தேரு"ன்னு துண்ட உதறிக்கிட்டுப் போயிட்டாரு. அவ போன நாள்ல இருந்து ரெண்டு பேருக்கும் பேச்சு இல்ல.

மொத ஓட்டத்தன்னைக்கு, விளக்கு வைக்கிற நேரத்துல, என் கடை டிவியத் தெருவப் பாக்கத் திருப்பி வச்சேன். வடக்கு ரத வீதி முழுக்க வந்துட்டு. எங்க கொழுந்தனும் வந்தாரு, வந்து டிவிக்கு முதுகக் காட்டி உக்காந்தாரு. "பாக்க வரல, சோடா குடிக்க வந்தேன்"ன்னாரு. வாங்கின சோடா அப்படியே இருந்துச்சு. கொடி பிடிச்சுக்கிட்டு மத்த நாட்டுக்காரன் எல்லாம் கடல் மாதிரி நிக்கான், நம்ம ஆளுகள ஒரு ஷேர் ஆட்டோவுல ஏத்திரலாம், அவ்வளவுதான். நம்ம வண்டி கிளம்புச்சு. அவ தள்ளின தள்ளுல டிவிக்காரனே "அடேயப்பா"ன்னுட்டான். பனி வாய்க்கால்ல ரெண்டு சுவத்துலயும் ஏறி ஏறி இறங்குது வண்டி. மத்தவங்க அந்த வளைவுல எல்லாம் பறக்காங்க. இவளுக்கு முக்கு வந்துச்சு. முக்கு வந்தா இந்தக் குடும்பத்துக் கை சும்மா இருக்குமா? நடுவுல பிரேக்கத் தொடவே கூடாதாம், இவ முக்கப் பாத்ததும் பிடிச்சுட்டா. வண்டி முனகிக்கிட்டு, ஒடம்பக் குலுக்கி, அழகாத் திரும்பி, எல்லாருக்கும் கடைசியா வந்துச்சு.

பிடிச்ச வேகம் எங்க போவும்? எங்கயாவது போகணும்லா. அது எங்க ஊருக்கு வந்துட்டு.

மொதல்ல குளுந்துச்சு. சோடாப் பாட்டில்ல வேர்வை உறைஞ்சுது, பேசினவங்க வாயில இருந்து புகை வந்துச்சு, கிழக்கு ரத வீதியில கோலமாவு கொட்டின மாதிரி வெள்ளையாப் பனி படிஞ்சுது. நிலையில தேரச் சுத்தி அடிச்சிருந்த தகரம் ஒவ்வொண்ணாச் சாஞ்சு விழ, தேரு அசைஞ்சு, சக்கரம் உருளாமலே, மணி மட்டும் லேசாக் கிணுகிணுக்க, வெறும் பீடத்தோட வீதிக்கு இறங்கி வந்துச்சு. தெற்கு முக்குக்குப் போயி தன்னால திரும்பி நின்னுச்சு. நாங்க ஓடிப் போயிப் பாத்தோம். எங்க கொழுந்தன் மண்டி போட்டு, பனியத் தடவி, சக்கரத்துக்கு அடியில பாத்தாரு. கட்டை கிடையாது, ஆனா கட்டை விழுந்த தடம் இருந்துச்சு.

"யாருவே போட்டது?"ன்னு கேட்டாரு. யாரும் போடல. அவரு அந்தத் தடத்தக் கையால அளந்து பாத்துட்டு, "எவனா இருந்தாலும் நல்ல கை"ன்னு சொல்லிட்டு எழுந்தாரு.

தேரு தன்னால ஓடிச்சேன்னு எங்க ஊர்ல யாரும் வாயப் பொளக்கல. தேரு ஓடிட்டா அதுக்குன்னு வேலை இருக்குல்லா, அதத்தான் பாத்தோம். சாமி இல்லாத தேருக்குச் சூடம் காட்டலாமா கூடாதான்னு பட்டர் காலையில பூரா யோசிச்சாரு, பொறவு "பீடம் யாருதுன்னு தேருக்குத் தெரியும்"ன்னு சொல்லிக் காட்டிட்டாரு. கோயில் ஆபீசர் வந்து அனுமதி இல்லாம தேரு ஓடக்கூடாதுன்னாரு, "அப்பம் நீங்களே சொல்லிப் பாருங்க சார்"ன்னு ஒருத்தன் சொல்ல, அவரு தேர ஏற இறங்கப் பாத்துட்டு என் கடையில சுக்குக் காப்பி வாங்கிக் குடிச்சுட்டுப் போனாரு. ஆமா, சுக்குக் காப்பிதான். சர்பத்த யாரு சீண்டினா? சபரிமலைக்குப் போன துண்டு, கொடைக்கானலுக்குப் போனப்ப வாங்கின குல்லா எல்லாம் பெட்டியில இருந்து வெளிய வந்துட்டு. மீன்காரி தேருக்கு அடியில கூடைய வச்சு வியாபாரம் பாத்தா. மாடுக ரோட்ட நக்கிக்கிட்டு நின்னுச்சு. தேரு ஓடினா கரண்டு கம்பியக் கழட்டணும், அது எங்க ஊர் வழக்கம், லைன்மேனும் ஏணியோட வந்துட்டான். கழட்டினா டிவி எப்படி ஓடும்னு பொம்பளைங்க நாங்க ஏணியச் சுத்தி நின்னுக்கிட்டோம். என் கடைக்கு மட்டும் ஒரே ஒரு கம்பிய, தேர்க் கலசத்துக்கு மேல உயரத்துல இழுத்துக் கட்டிட்டுப் போனான், புண்ணியவான்.

ஒரே ஒரு வீட்டுலதான் முனகல். தேரு வீதியில நிக்கும்போது ஊர்ல தாலி ஏறக்கூடாது, நிலைக்கு வந்த பொறவுதான். தெற்கு ரத வீதிக் கல்யாண வீட்டுக்காரி பந்தலப் போட்டுட்டு என்கிட்ட வந்து, "உங்க வீட்டுப் பிள்ளை ஒழுங்கா ஓட்டியிருந்தா எங்களுக்கு இந்தத் தொல்லை உண்டா?"ன்னா. "ஐஸ்ல நீ போயி ஓட்டு ஆத்தா"ன்னேன்.

ரெண்டாவது ஓட்டத்துக்கு எங்க கொழுந்தன் கடைக்கு வரல. தோள்ல கட்டையோட மேற்கு முக்குல போயி நின்னுட்டாரு. அங்க வண்டி கிளம்புச்சு, இங்க தேரு கிளம்புச்சு, ரெண்டும் ஒரே வடத்துல கட்டின மாதிரி. பனி முன்னால ஓட, தேரு பின்னால வர, முக்குல அவரு குனிஞ்சு கட்டையப் போட்டாரு. தேரு திரும்புச்சு. டிவியில வண்டி சுவத்துல இடிச்சு உதறுச்சு. அவரு ஓடிப்போயி அடுத்த முக்குலயும் போட்டாரு. தேரு திரும்புச்சு. டிவியில வண்டி இன்னொரு தடவ உதறுச்சு. நாங்க கூரைக்கு மேல தெரிஞ்ச தேர்க் கலசத்தையும் டிவியையும் மாத்தி மாத்திப் பாத்தோம். வண்டி நின்னதும் முப்பிடாதி ரெண்டு கையையும் டோல்மாகிட்ட விரிச்சுக் காட்டினா, நான் தொடலன்னு. அந்தப் பிள்ளை முகத்தப் பாக்க முடியல. இன்னைக்கும் கடைசி. தேரு எங்க வடக்கு ரத வீதி நடுவுல வந்து நின்னுச்சு.

எங்க கொழுந்தன் கட்டையோட கடைக்கு வந்த நேரத்துல எனக்கு முப்பிடாதி போன் வந்துச்சு. தேரு இறங்கின கதைய நான் முன்னமே அவகிட்டச் சொல்லியிருந்தேன்.

"பெரியம்மை, அப்பா இருக்காவளா?"

நான் ஸ்பீக்கர்ல போட்டு அவரு முன்னால நீட்டினேன்.

"யப்பா. கட்டை போட்டியளா?"

அவரு கட்டையத் தோள்ல இருந்து இறக்கினாரு.

"எனக்குத் தெரியும்ப்பா. புளியங்கட்டை தேயுற வாசம் வந்துச்சு. டோல்மா கூட என்ன வாசம்னு கேட்டா. நாளைக்குக் கடைசி ஓட்டம். மொத தடவ நான் பிடிச்சது என் தப்புதான், கை கேக்கல. நாளைக்குக் கையத் தொடைக்கு அடியில வச்சுக்கிடுவேன். ஒரே ஒரு தடவ ஓடவிடுங்கப்பா."

எத்தனையோ நாளைக்குப் பொறவு அவரு மககிட்டப் பேசின மொத வார்த்தை இதுதான்: "கட்டை போடலைன்னா தேரு முக்குல திரும்பாதுட்டீ. நேரா உங்க பெரியம்மை கடை. பின்னால நம்ம வீடு."

பொறவு அவ மெதுவா, "அப்பம் போடுங்கப்பா. முக்குல தேர விட்டவன்னு உங்களச் சொல்லிரக் கூடாது"ன்னு சொல்லி வச்சுட்டா.

எனக்கு ஆத்திரமா வந்துச்சு. அப்பனும் மகளும் என் கடைக்குள்ள தேர விடலாமா வேண்டாமான்னு பேசுதாவ, கடைக்காரிகிட்ட ஒரு வார்த்தை உண்டா? இருந்தாலும் வாய் வேற சொல்லிச்சு. "பாட்டிலை நான் எடுத்துக்கிடுதேன். நீரு நாளைக்குக் கட்டையப் போடாதேயும்"ன்னேன்.

"மதினி, எங்க தாத்தா விட்டதில்ல, எங்கப்பா விட்டதில்ல. கட்டைய வச்சுக்கிட்டுச் சும்மா நின்னேன்னா, அதுக்குப் பொறவு நான் யாரு?"

"அவளுக்கு அப்பா"ன்னேன். அவரு கட்டைய மடியில வச்சுத் துடைச்சுக்கிட்டே இருந்தாரு.

மறுநாள் யாரும் கூட்டம் போடல, யாரும் யாரையும் கேக்கல. இளவட்டங்க வந்து என் கடைப் பெட்டி, பெஞ்சு எல்லாத்தையும் எதுத்த வீட்டு வாசலுக்குத் தூக்கினாவ, டிவிய அங்க வச்சாவ. உச்சிமாகாளி வீட்டுல இருந்து நானே அவரு பெண்டாட்டி படத்த மட்டும் எடுத்து என் முந்தியில வச்சுக்கிட்டேன். சாயங்காலம் ஒருத்தி குடத்தோட வந்தா. தேரு வர்ற வீதிக்குத் தண்ணி தெளிப்போம்லா, அது மாதிரி தெளிக்க ஆரம்பிச்சா. தண்ணி விழுந்த இடம் கண்ணாடியாச்சு. அதப் பாத்து இன்னொருத்தி வந்தா. பொறவு வீதி முழுக்கப் பொம்பளைங்க, குடத்துலயும் வாளியிலயும் கொண்டாந்து கொண்டாந்து ஊத்துனாவ, தேரு நின்ன இடத்துல இருந்து முக்கு வரைக்கும் வழுவழுன்னு பனிக்கட்டி, அதுக்கு மேல ரெண்டு ஓரமும் கோலம். கல்யாண வீட்டுக்காரியும் ஒரு அண்டாவோட வந்தா. "என்னத்தப் பாக்க? பிள்ளை சீக்கிரம் போவட்டும்"ன்னா. அவளக் கட்டிப்பிடிச்சுக்கிடலாம்னு இருந்துச்சு எனக்கு.

எங்க கொழுந்தன் முக்குக்கு வந்தாரு. வேட்டிய மடிச்சுக் கட்டி, தோள்ல கட்டையோட, என்னைக்கும் நிக்கிற இடத்துல நின்னாரு. போடப் போறாரா இல்லையான்னு அவருகிட்டக் கேக்க யாருக்கும் தைரியம் இல்ல.

டிவியில அவ தள்ளினா. பனியில கால் தெறிக்க ஓடி ஏறித் தலையக் குனிஞ்சா. இங்க தேரு மூச்சு விட்ட மாதிரி ஒரு காத்து வந்துச்சு. பொறவு அது வந்துச்சு பாருங்க, நான் பொறந்ததுல இருந்து எத்தனையோ தேரு பாத்திருக்கேன், அப்படி ஒரு வரத்தப் பாத்ததில்ல, சீலைத் துண்டெல்லாம் பின்னால படபடக்க, குதிரைப் பொம்மை நாலும் காத்துல ஏறிப் பாய, மணி ஒண்ணுவிடாம ஒரே குரல்ல அடிக்க, எங்க வீதிக்குத் தேரு வரல, அந்தப் பனி நாட்டு மலையே சரிஞ்சு எங்க வீதி வழியா இறங்கி வந்துச்சு. டிவியில ஒரு வளைவு போச்சு, ரெண்டு வளைவு போச்சு, வண்டி உதறல, முனகல, பறந்துச்சு. தேரு முக்குக்கு வந்துட்டு. எங்க கொழுந்தன் கட்டையத் தூக்கினாரு. அவரு தோள் நரம்பு புடைச்சு நின்னத நான் பாத்தேன். சக்கரம் அவரு முன்னால வந்துச்சு, அவரு குனிஞ்சாரு.

குனிஞ்சவரு கட்டைய நெஞ்சோட சேத்துக் கட்டிப்பிடிச்சுக்கிட்டு அப்படியே உக்காந்துட்டாரு. தேரு அவரத் தாண்டிப் போச்சு.

என் கடைக் கூரை போச்சு. தட்டி போச்சு. மறந்து விட்டிருந்த நன்னாரி ஜாடி உடைஞ்ச சத்தம் கேட்டுச்சு. நான் டிவியத்தான் பாத்துக்கிட்டிருந்தேன். வண்டி கோட்டத் தாண்டுச்சு. தாண்டின பொறவு, தாண்டின பொறவுதான், முப்பிடாதி கை வெளிய வந்துச்சு, பின்னால சாஞ்சு மொத்த ஒடம்போட இழுத்தா. அங்க பனி தூளாப் பறந்துச்சு. இங்க தேரு எங்க கொழுந்தன் வீட்டுச் சுவத்துக்கு ஒரு விரக்கடை தள்ளி, மணி ஓயாம, நின்னுச்சு.

எங்க கொழுந்தன் எழுந்து, உடைஞ்ச தட்டியத் தாண்டிப் போயி, சக்கரத்துக்கு அடியில மண்டி போட்டாரு. ரொம்ப நேரம் குனிஞ்சே இருந்தாரு. பனியில கட்டை விழுந்த தடம். கையால அளந்தாரு. தெற்கு முக்குல அன்னைக்கு அளந்த அதே தடம்.

பட்டர் சூடத்தட்டோட நின்னவரு, தேரு நின்னா கேக்குற பழக்கத்துல, தன்னையறியாம சத்தமாக் கேட்டுட்டாரு, "கட்டை யாரு?" கேட்ட பொறவுதான் நாக்கக் கடிச்சுக்கிட்டாரு. அந்த மனுசன் கட்டை போடலன்னு ஊரே பாத்துச்சே.

எங்க கொழுந்தன் நிமிந்தாரு. தொண்டையச் செருமிக்கிட்டு, கிழக்கு ரத வீதிக்கும் கேக்குற மாதிரி, "முப்பிடாதி"ன்னாரு.

எங்கயோ ஒருத்தி குலவை போட்டா, அத இன்னொருத்தி எடுத்தா, வீதி முழுக்கக் குலவை. பட்டர் கோயிலுக்குள்ள போயிப் பட்ட எடுத்துட்டு வந்தாரு. தலையில கட்ட முப்பிடாதி ஊர்ல இல்லாததுனால, எங்க கொழுந்தன் நீட்டின கட்டையச் சுத்திக் கட்டினாரு.

ராச் சாப்பாட்டுக்கு முன்னால போன் வந்துச்சு. நான் விளக்குமாத்தோட கண்ணாடிச் சில்லக் கூட்டிக்கிட்டிருந்தேன், அவரே எடுத்தாரு.

"யப்பா, கடைசி இல்லப்பா. கடைசிக்கு முந்தின இடம். ஒரு நாட்ட முந்திட்டோம்." சிரிக்காளா அழுதாளான்னு தெரியல. "இங்க யாருக்கும் அது ஒண்ணும் பெருசு இல்ல. டோல்மாவும் நானும்தான் குதிச்சுக்கிட்டிருக்கோம்."

"எத்தனாவதுன்னு யாருட்டீ கேட்டா? கட்டைய எங்க வச்சுப் போட்ட?"

"கோட்டத் தாண்டித்தாம்ப்பா. தாண்டின பொறவுதான்."

"ம்"ன்னாரு. சுவத்துல சாத்தி வச்சிருந்த கட்டையப் பாத்தாரு. அதுல பட்டு லேசா அவிழ்ந்திருந்துச்சு, அதச் சரியா இழுத்து விட்டாரு.

"தேரு நம்ம வீட்டு வாசல்ல நிக்குது. நிலைக்குக் கொண்டு போகணும், தெற்கு வீதியில ஒரு கல்யாணம் காத்துக் கிடக்கு. வடம் பிடிக்க ஆளு இருக்கு. கட்டை போடத்தான் ஆளு இல்ல"ன்னாரு. "வா."